அப்பாவைக் கூட்டிட்டு வா

எனக்கு வாரத்துக்கு ஆறு பீரியட் என்று கால அட்டவணையில் எழுதியிருக்கும். எழுதியிருப்பதோடு சரி. பாடம் முடியவில்லை என்று கணக்கு டீச்சர் இரண்டைத் தூக்கிக்கொண்டு போவார். பரீட்சை வருகிறது என்று அறிவியல் டீச்சர் இரண்டு. மிச்சமிருக்கும் இரண்டில் பந்தில் காற்று இருக்காது. நான் விளையாட்டு வாத்தியார். இருபத்திரண்டு வருடமாக விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இதே மைதானத்தில் காய்கிறேன். கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் ஆள் என்று என்னைச் சொல்வார்கள். என் இடத்தில் இருந்து பார்த்தால் தெரியும்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், கல்லூரியிலிருந்து நாலு பேர் வந்து அந்த மிச்ச இரண்டு பீரியடையும் கேட்டபோது நான் நடந்துகொண்ட விதம் அவ்வளவு அழகாக இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது என் கதை அல்ல, மணியக்காவின் கதை.

மணியக்கா எங்கள் பள்ளிக்கூடத்தில் பெருக்குபவர். தண்ணீர்த் தொட்டி, சாவிக்கொத்து, வராந்தாவில் தொங்கும் இரும்புத் துண்டில் மணி அடிப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. மணி அடிப்பதால் மணியக்கா. என்னைவிட மூன்று வயது சின்னவர், நாற்பத்தாறு. ஆனாலும் எனக்கும் அக்கா, தலைமை ஆசிரியைக்கும் அக்கா. கணவர் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறார். மகன், மகள் இருவரையும் படிக்க வைத்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்து இருபது வருடத்தில் மணி ஒரு நிமிடம் முன்னே பின்னே அடித்ததில்லை. எங்கள் கடிகாரத்தை நாங்கள் அவர் மணியைக் கேட்டுத்தான் சரிசெய்வோம்.

ஒரு தடவை அறிவிப்புப் பலகையில் நான் "கால்பந்துப் பயிற்ச்சி" என்று எழுதி வைத்திருந்தேன். பெருக்கிக்கொண்டே வந்தவர் நின்று பார்த்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. 'ற்'னு போட்டா பக்கத்துல 'ச்' வராது."

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?" என்று கேட்டேன்.

"அஞ்சாவது. அதுவும் முழுசா இல்ல" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. இருபது வருடம் பக்கத்தில் இருந்தும் கேட்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, அந்த நாலு பேருக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்கும் ஊருக்கும் நடுவில் என்ன இருக்கிறது, பிள்ளைகளின் கற்பனையை எப்படி வளர்ப்பது என்று பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஒரு பருவம் முழுக்க இங்கேதான் இருப்பார்களாம். தலைவி மாதிரி இருந்த பெண் பெரிய கண்ணாடி போட்டிருந்தாள். அவள் எங்கள் பிள்ளைகளுக்கு முதல் நாளே கண்ணாடியக்கா ஆகிவிட்டாள். ஆறடி உயரத்தில் ஒல்லியாக ஒரு பையன் இருந்தான். அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்தது நான்தான். மற்ற இருவரும் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

வந்த வேகத்தில் பின்கட்டில் இருந்த சாமான் அறையைக் கேட்டார்கள். உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறை. நாலு பேரும் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வெளியே தள்ளிச் சுத்தம் செய்தபோது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது. காலி செய்தபிறகு பார்த்தால் நல்ல வெளிச்சமான அறை. எதிரே ஒரு நீளமான வெள்ளைச் சுவர்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்துநாலு பேரையும் அங்கே கூட்டிப்போய், கையில் கரித்துண்டும் கலர் சாக்பீசும் கொடுத்து, "வீட்ல யார் என்ன வேலை செய்யறாங்கன்னு இந்தச் சுவத்துல வரையுங்க" என்றாள் கண்ணாடி.

பிள்ளைகள் அசையவில்லை. சுவரில் கோடு போட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

"நிஜமாத்தான். சுவத்துலதான்" என்றான் ஒட்டடைக்குச்சி.

அப்புறம் கேட்க வேண்டுமா? பத்து நிமிடத்தில் சுவர் அல்லோலகல்லோலப்பட்டது. தையல் மிஷின், அடுப்பு, ஏணி, கம்ப்யூட்டர். வாலு என்று நாங்கள் கூப்பிடும் ஒரு பெண், பெயருக்கு ஏற்ற பிள்ளை, தன் அப்பாவின் லாரியைப் பெரிதாக வரைந்தாள். மூன்று சக்கரம் போட்டாள், நாலாவதைப் போடுவதற்குள் பீரியட் முடிந்துவிட்டது.

வாசலில் மணியக்கா வாளியோடு நின்றிருந்தார்.

"சுவத்துலயா வரையச் சொன்னீங்க?" என்றார்.

"ஆமாக்கா. ஏன்?" என்றாள் கண்ணாடி.

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. அன்றைக்கு, இருபது வருடத்தில் முதல் தடவையாக, மதிய மணி மூன்று நிமிடம் தாமதமாக அடித்தது. சுவரைக் கழுவுகிற வேலை தன் தலையில் விழுமே என்ற கடுப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் குட்டிச்சுவர் ஆனது அதே நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு வெள்ளிக்கிழமை, பெற்றோர் எல்லாரும் வந்து சுவரைப் பார்க்க வேண்டும், தங்கள் வேலையைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று நாலு பேரும் திட்டம் போட்டிருந்தார்கள். நல்ல திட்டம், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கண்ணாடி வகுப்புக்குள் போய் நின்று, முகம் நிறையச் சிரிப்போடு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னது இது:

"எல்லாரும் உங்க அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க!"

திங்கட்கிழமை பன்னிரண்டு பேர் வரவில்லை. வந்தவர்களில் இரண்டு பேர் வாசலிலேயே அழுதுகொண்டு நின்றார்கள். ஒருவன் தன் சித்தப்பாவை அப்பா என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தான். அந்த மனிதர், "என்ன சார், எதை உடைச்சான்?" என்று என்னிடம் கேட்டார்.

கண்ணாடி என்னிடம் ஓடிவந்தாள். "சார், நாங்க நல்லதுதானே சொன்னோம்? எதுக்கு இப்படிப் பயப்படறாங்க?"

"ஏம்மா, நீயும் பள்ளிக்கூடத்துல படிச்சவதானே? உன்கிட்ட யாரும் 'அப்பாவைக் கூட்டிட்டு வா'ன்னு சொன்னதே இல்லையா?"

யோசித்துவிட்டு, "இல்ல சார். நான் முதல் பெஞ்ச்" என்றாள்.

அதுதான் விஷயம். நாலு பேருமே முதல் பெஞ்ச். எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த மூன்று வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். நீ மாட்டிக்கொண்டாய் என்று அர்த்தம். அதை அதிகமாகப் பயன்படுத்துகிற ஆள் யார் என்று கேட்டால், நான்தான். அதற்கு முந்தின வாரம்கூட, கோல் கம்பத்தில் ஏறி உட்கார்ந்திருந்த வாலுவைப் பார்த்து, "இன்னொரு தடவை ஏறினே, அப்பாவைக் கூட்டிட்டு வரணும்" என்று கத்தியிருந்தேன்.

நாலு பேரும் வீடு வீடாகப் போய் விளக்கம் சொன்னார்கள். புதன்கிழமைக்குள் பதினொரு பேர் திரும்பிவிட்டார்கள். வாலு மட்டும் வரவில்லை. அவள் வீட்டுக்குப் போனபோது பூட்டியிருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை, அப்பா லாரியில். பக்கத்து வீட்டில் விசாரித்தால், "பிள்ளை தினமும் பையைத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடம்தானே போவுது" என்றார்கள்.

எங்கள் பள்ளியில் ஒரு கணக்கு உண்டு. தொடர்ந்து பத்து நாள் வராவிட்டால், பத்தாம் நாள் சாயங்காலம் வருகைப் பதிவேட்டில் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அந்தக் கோடு விழுந்த பிள்ளை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. வாலுவுக்குப் பத்தாம் நாள், பெற்றோர் வருகிற அதே வெள்ளிக்கிழமை.

எட்டாம் நாள் காலையில் நான் ஸ்கூட்டரை எடுத்தேன். ஊரெல்லாம் சுற்றியாவது தேடிப் பிடிப்பது என்று முடிவு. உதைத்து உதைத்துக் கால் வலித்ததுதான் மிச்சம், வண்டி கிளம்பவில்லை. மணியக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"வண்டி வேண்டாம் சார். அவ பக்கத்துலதான் இருக்கா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வீட்டுக்குத் தெரியாம பையைத் தூக்கிட்டுக் கிளம்பற பிள்ளைகிட்ட கடிகாரம் இருக்காது. எப்ப வீட்டுக்குத் திரும்பணும்னு தெரியணுமில்ல? மணி சத்தம் கேக்கிற இடத்துலதான் உக்காந்திருப்பா. நானும் அப்படித்தான் உக்காந்திருந்தேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால. பத்து நாள்."

நான் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார். அந்தச் சாமான் அறை முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஐந்தாம் வகுப்பு. அவரும் அதே வெள்ளைச் சுவரில் கரித்துண்டால் ஒரு படம் வரைந்திருக்கிறார். நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற வகுப்பு வாத்தியார்.

"மூக்கு மேல ஒரு ஈ கூட வரைஞ்சேன் சார். அச்சு அசலா இருந்துச்சு. அதான் வினை. முழிச்சுப் பாத்தாரு. 'நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா, இல்லேன்னா உள்ளே வராதே'ன்னாரு."

"சொல்ல வேண்டியதுதானே வீட்ல? என்ன, ரெண்டு அடி விழுந்திருக்கும்."

"அடிக்கு யார் பயந்தா? எங்கப்பா வெள்ளையடிக்கிறவரு சார். அந்தச் சுவத்துக்கு வெள்ளையடிச்சதே அவருதான். அதுக்கு முந்தின லீவுல, ஒரு வாரம் கஷ்டப்பட்டு. அப்ப நான்தான் வாளி தூக்கினேன். 'இந்தச் சுவரைப் பாத்தா நீ நல்லாப் படிக்கணும், அப்படி ஒரு வெள்ளை'ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாரு. அவரைக் கூட்டிட்டு வந்து அதைக் காட்டச் சொன்னா?"

பத்து நாள் கழித்துப் பெயரை அடித்துவிட்டார்கள். படிப்பு ஏறவில்லை, இனிமேல் போக மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாராம். அப்பாவுக்கு இன்றுவரை காரணம் தெரியாது. இப்போது மணியக்காவின் தம்பி வீட்டில் இருக்கிறார், எழுபத்தைந்து வயது. யார் வந்தாலும், "படிடின்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், மாட்டேன்னுட்டா" என்பாராம். அங்கே போயிருக்கும் மணியக்கா தலையைக் குனிந்துகொண்டு காபி கொண்டுவந்து வைப்பாராம்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. அந்த வாத்தியார் மீதா, என் மீதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்றேன்.

"நான் பின்பக்கம் மரக்கடைச் சந்துல நிக்கிறேன், அவ வீட்டுக்கு அந்த வழியாத்தான் போகணும். நீங்க வீட்டுக்கு விடற மணியை அடிங்க."

"காலையில பதினோரு மணிக்கா!"

"ஆமா. நீளமா அடிங்க."

அடித்தேன். அதற்கு அப்புறம் பள்ளிக்கூடத்தில் நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. ஒன்றாம் வகுப்பு முழுவதும் பையோடு கேட்டுக்கு வந்துவிட்டது. கணக்கு டீச்சர் சாக்பீசோடு வராந்தாவில் நின்று தன் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார், மணியைச் சந்தேகப்படவில்லை. தலைமை ஆசிரியை என் பெயரைச் சொல்லிக் கத்துவது காதில் விழ விழ நான் பின்கேட் வழியாக ஓடினேன்.

மரக்கடையில் அடுக்கியிருந்த பலகைகளுக்கு நடுவிலிருந்து வாலு வெளியே வந்துகொண்டிருந்தாள், முதுகில் பையோடு, வீட்டுக்குப் போக. மணியக்கா எதிரே போய் நின்றார். கையைப் பிடிக்கவில்லை, திட்டவில்லை. பக்கத்தில் கிடந்த மரத்துண்டில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

"நான் வரமாட்டேன்" என்றாள் வாலு. "ஸ்கூல்ல இருந்து ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் படிப்பை நிறுத்திடுவேன்னு அப்பா சொல்லியிருக்காரு."

"கம்ப்ளெயின்ட் இல்லம்மா. நீ வரைஞ்ச லாரியைப் பாக்கத்தான் கூப்பிடறாங்க" என்றேன் நான்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பெரியவங்க அப்படித்தான் சொல்லுவீங்க. நீங்கதானே சார் சொன்னீங்க, அப்பாவைக் கூட்டிட்டு வரணும்னு?"

நானே போய் அவள் அப்பாவிடம் பேசுகிறேன் என்றேன். மணியக்கா தலையை ஆட்டினார். "நீங்க போய் நின்னாலே அது கம்ப்ளெயின்ட்தான் சார்." பிறகு தன் கதையை, தண்ணீர்த் தொட்டி, ஈ, வெள்ளைச் சுவர் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னார். வாலு ஈ வந்த இடத்தில் சிரித்துவிட்டாள். கடைசியில் கேட்டாள்.

"இப்பவும் உங்கப்பாகிட்ட சொல்லலையா?"

"இல்ல."

"அப்ப நான் மட்டும் ஏன் சொல்லணும்?"

மணியக்கா பள்ளிக்கூடத்துச் சுவர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க உங்கப்பாவைக் கூட்டிட்டு வாங்க" என்றாள் அந்தக் குட்டிச் சாத்தான். "நான் பாக்கணும். அப்புறம் நான் எங்கப்பாவைக் கூட்டிட்டு வரேன்."

மணியக்கா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டார். "சரி" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் தம்பி வீட்டிலிருந்து பெரியவரைக் கூட்டிவரும் வேலை எனக்கு. இந்தத் தடவை ஸ்கூட்டர் மானத்தைக் காப்பாற்றியது. வெளுத்த சட்டை, படிய வாரிய தலை, கையில் தடி. சுண்ணாம்பு அரித்த விரல்கள் என் தோளைப் பிடித்திருந்தன.

"தம்பி, அவ என்ன தப்பு பண்ணா?" என்றார், வழியில். "ஸ்கூல்ல கூப்பிடறாங்கன்னு மட்டும் சொன்னா. வேலையை விட்டு எடுத்துட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க ஐயா."

"பின்ன எதுக்குக் கூப்பிடறாங்க?"

அவரவர் அப்பாவிடம் அவரவர்தான் சொல்ல வேண்டும். நான் வண்டியை முறுக்கினேன்.

அறையில் இருபது இருபத்தைந்து பேர் வந்திருந்தார்கள். தையல்காரர் ஒருவர் பட்டன் தைப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி ஓடிவந்து பெரியவருக்கு நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றார். ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தலை எட்டிப் பார்த்தது. வாலுதான்.

மணியக்கா வந்தார். முதல் தடவையாகத் துடைப்பமும் சாவிக்கொத்தும் இல்லாமல் அவரைப் பார்க்கிறேன். ஜன்னலை ஒரு முறை பார்த்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"டீச்சர், அப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

கண்ணாடிக்குப் புரியவில்லை, திருதிருவென்று முழித்தாள். பெரியவர் திரும்பினார். மணியக்கா தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். கரித்துண்டு, வாத்தியார், ஈ, தண்ணீர்த் தொட்டி, பத்து நாள். "உங்க சுவத்துலப்பா. நீங்க அடிச்ச வெள்ளையில. அதான் சொல்லல. படிப்பெல்லாம் நல்லா ஏறிச்சு."

தையல்காரர் ஊசியை நிறுத்திவிட்டார். பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு சுவரருகே போனார். கையால் ஒரு இடத்தைத் தடவிப் பார்த்தார். விரலில் கரி ஒட்டியது. கட்டை விரலால் அதைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"இதுக்காடி படிப்பை விட்டு நின்னே?" என்றார். "அரை வாளி சுண்ணாம்பு. அரை மணி நேர வேலை. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே வந்து அடிச்சுக் கொடுத்திருப்பேனேடி, கழுதை!"

சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. மணியக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது. ஒட்டடைக்குச்சி மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது.

ஜன்னலைப் பார்த்தேன். தலையைக் காணோம்.

முக்கால் மணி நேரம். தையல்காரர் போய்விட்டார், இன்னும் பத்துப் பேர் போய்விட்டார்கள். நான் கேட்டுக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அலுவலக மேசையில் பதிவேடும் சிவப்புப் பேனாவும் எடுத்து வைத்தாகிவிட்டது. அப்போது வாசலில் லாரி ஹாரன் கேட்டது. கேட்டையே அடைத்துக்கொண்டு ஒரு பெரிய லாரி நின்றது. அதிலிருந்து முதலில் வாலு குதித்தாள். பின்னாலேயே, லோடு ஏற்றிக்கொண்டிருந்த இடத்திலிருந்து அப்படியே கிளம்பி வந்தவர் போல, காக்கிச் சட்டை போட்ட மனிதர் வேர்க்க விறுவிறுக்க இறங்கினார்.

"சார், அப்பாவைக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றாள் வாலு. குரல் கீச்சென்று வந்தது. அப்பாவின் சட்டை நுனியை விடவேயில்லை.

"என்ன சார்? என் பொண்ணு என்ன தப்பு பண்ணா?" என்றார் அவர்.

பதில் சொல்ல வேண்டியவன் நான். நான் வாயைத் திறப்பதற்குள், நிழலில் மகளோடு நின்றிருந்த பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். கரி படிந்த விரலை லாரிக்காரரிடம் காட்டினார்.

"ஒண்ணுமில்ல தம்பி, சுவத்துல கிறுக்கியிருக்கா. என் பொண்ணும் கிறுக்கினவதான். உள்ள வந்து பாருங்க, நல்லாத்தான் இருக்கு. ஒரு சக்கரம் மட்டும் பாக்கி."